கர்ணனும் மென்டரும்: நண்பன் பெயர் ஏன் சொல்லாவதில்லை?

காட்பாடிச் சந்திப்பு எழுதியது:

வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ஆங்கிலச் சொற்கள் நடத்துகிறேன். கிரேக்கப் புராணத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் என்று ஒரு பாடம் தவறாமல் வரும். டான்டலைஸ், நெமிசிஸ், பேனிக், நார்சிசிசம், மைடாஸ் டச், அக்கிலீஸ் ஹீல், புளூட்டோகிரசி, மென்டர். நடத்தி நடத்தி எனக்கு ஒரு சந்தேகம் முற்றிவிட்டது. பேராசைக்காரன் மைடாஸ் சொல்லாகிவிட்டான். தன் அழகில் தானே மயங்கிய நார்சிசஸ் சொல்லாகிவிட்டான். பழிதீர்க்கும் தேவதை நெமிசிஸும், பேனிக் என்ற சொல்லைத் தந்த ஆட்டுக்கால் தெய்வமும் அகராதியில் குடியேறிவிட்டார்கள். நண்பன் எங்கே? கிரேக்க வீரன் அக்கிலீஸின் குதிகாலுக்குக் கிடைத்த இடம், அவன் கவசத்தை மாட்டிக்கொண்டு போய் உயிரை விட்ட நண்பன் பட்ரோக்ளஸுக்குக் கிடைக்கவில்லை.

வழிகாட்டி என்ற பொருளில் சொல்லாகிவிட்ட மென்டர் ஒருவன்தான் விதிவிலக்கு. அதையும் சற்றுக் கிளறிப் பாருங்கள். ட்ராய் போருக்குப் புறப்பட்ட ஒடிசியஸ், தன் வீட்டையும் உடைமைகளையும் மேற்பார்வை பார்க்கச் சொல்லி ஒப்படைத்துவிட்டுப் போன நண்பன் இவன். அரசி பெனலோப்பியை மணக்க வந்த கூட்டம் அரண்மனையிலேயே உட்கார்ந்து ஆடுமாடுகளைத் தின்று தீர்த்தது. இவனால் தடுக்க முடியவில்லை. ஊர்ச் சபையில் எழுந்து நியாயம் கேட்டான், அதட்டி உட்கார வைத்துவிட்டார்கள். பிறகு அதீனா தேவி இவனுடைய உருவத்தை எடுத்துக்கொண்டு இளவரசன் டெலிமக்கஸுக்கு வழிகாட்டினாள். ஆக, இன்று மென்டர் என்று நாம் கொண்டாடுவது அந்தத் தேவி செய்த வேலையை. நண்பனுடைய பங்கு, முகத்தை இரவல் கொடுத்தது.

நம் பக்கமும் இதே கதைதான். 'அவன் ஒரு கர்ணன்' என்றால் கொடையாளி என்று பொருள். 'குசேலன் குடும்பம்' என்றால் வறுமையும் பிள்ளைக் கூட்டமும். இருவருமே புராணத்தில் நட்புக்காகப் பேசப்பட்டவர்கள். பேச்சுவழக்கில் நட்பு உதிர்ந்துவிட்டது, பணம் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கதைக்குள் இரண்டு நண்பர்களிடையே பணமோ பதவியோ நுழைந்துவிட்டால், மொழி அதைத்தான் எடுத்துவைத்துக்கொள்கிறது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.


ஏலகிரிக் காற்று எழுதியது:

கர்ணன் விஷயத்தில் மொழி சரியாகத்தான் செய்திருக்கிறது சார். அங்கே நட்பு எங்கே இருந்தது? அரங்கேற்றக் களத்தில் அர்ச்சுனனுக்குச் சமமாக வில் பிடிக்க ஒருவன் வந்து நிற்கிறான். குலம் என்ன என்று கிருபர் கேட்கிறார். துரியோதனன் நின்ற இடத்திலேயே அங்கதேசத்தைக் கொடுத்து முடி சூட்டுகிறான். இதற்குப் பெயர் பணிநியமன உத்தரவு.


திருவலம் பாலம் எழுதியது:

தம்பி ஏலகிரி, நியமன உத்தரவு வாங்கியவன் சம்பளம் நின்றால் போய்விடுவான். போர் தொடங்கும் முன்பே கண்ணன் கர்ணனிடம் வந்து, நீ குந்தியின் மூத்த மகன், பாண்டவர் பக்கம் வா, பட்டம் உனக்கே என்று சொல்லியாகிவிட்டது. அங்கதேசத்தைவிடப் பெரிய பதவி. அவன் போகவில்லையே.

எங்கள் பக்கத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா நடந்தால் பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து. 'கர்ண மோட்சம்' ஆடும் இரவில் கூட்டம் கலையாது. பதினேழாம் போர் நாள். அதில் பொன்னுருவி வரும் கட்டத்தை நினைவுபடுத்துகிறேன். கர்ணன் போருக்குப் புறப்படும் முன் மனைவியிடம் விடைபெற வருகிறான். தலையில் கண்ணாடிச் சில்லுகள் பதித்த மரக் கிரீடம், தோளில் புஜக்கட்டை. பெட்ரோமாக்ஸ் போய் டியூப்லைட் வந்தும் அந்தச் சில்லுகள் மின்னுவது நிற்கவில்லை. அவள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தேரோட்டி வளர்த்த பிள்ளை என்று இத்தனை காலமும் அவனை அண்டவிடாதவள். நாட்டைக் கொடுத்த துரியோதனனால் அவளிடம் அவனுக்கு ஒரு மரியாதையை வாங்கிக் கொடுக்க முடியவில்லை. கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் நடுவில் புகுந்து, ராஜாவுக்கே வீட்டில் இந்தக் கதியா என்று சிரிக்கவைப்பான். முகவீணைக் குழலின் இசை ஏறும்போது சிரிப்பு அடங்கிவிடும்.

கொடுத்த பதவி எதுவரை செல்லும் என்று நம் கூத்து வாத்தியார்கள் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். படித்தவர்கள்தான் கர்ணனைப் பேசும்போது செஞ்சோற்றுக்கடன் என்ற ஒரே சொல்லோடு முடித்துக்கொள்கிறோம்.


தோல்மண்டி எழுதியது:

ஐயா, செஞ்சோற்றுக்கடன் என்பதில் கடன் இருக்கிறதே, கவனித்தீர்களா? ஆம்பூரில் தோல் வியாபாரத்தில் கணக்கு எழுதுகிறவன் நான். தீராத கடன் என்றால் கொடுத்தவன் அசலைக் கேட்கவே இல்லை என்று பொருள். கேட்காமலே இருப்பதுதான் பெரிய வட்டி. துரியோதனன் ஒருநாளும் கர்ணனிடம், நான் கொடுத்ததை நினைத்துப் பார் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கர்ணன் கண்ணன் பக்கம் போயிருப்பான் என்பது என் ஊகம்.

நட்பில் பணத்தை வெளிப்படையாகக் கணக்குப் பார்த்த கதை ஏதாவது உண்டா? கிரேக்கத்தில் இருந்தாலும் பரவாயில்லை.


வாலாஜா வாசகி எழுதியது:

உண்டு. கிரேக்கக் கவிஞர் ஹோமர் ட்ராய் போரைப் பாடிய இலியட் காவியத்தின் 6ஆம் பகுதியில். கிரேக்கப் படைத்தலைவன் டயோமிடிஸும், ட்ராய் பக்கம் போரிட வந்த லிசியா நாட்டு கிளாக்கஸும் போர்க்களத்தின் நடுவே எதிரெதிரே வருகிறார்கள். நீ யார் என்று ஒருவன் கேட்க, மற்றவன் தன் குலக்கதையைச் சொல்கிறான். கேட்டதும் டயோமிடிஸ் ஈட்டியை மண்ணில் குத்தி நிறுத்திவிடுகிறான். இருவருடைய தாத்தாக்களும் நண்பர்கள். ஒருவர் வீட்டில் மற்றவர் இருபது நாள் விருந்தாளியாகத் தங்கியவர். அப்போது சிவப்புச் சாயமிட்ட இடைவாரும், இரு கைப்பிடி கொண்ட தங்கக் கிண்ணமும் கைமாறியிருக்கின்றன. அந்தக் கிண்ணம் இன்னும் என் வீட்டில் இருக்கிறது என்கிறான் டயோமிடிஸ். ஆகவே நமக்குள் சண்டை வேண்டாம், கவசங்களை மாற்றிக்கொள்வோம்.

மாற்றிக்கொள்கிறார்கள். கிளாக்கஸ் கொடுத்தது தங்கக் கவசம், நூறு மாடு பெறும். டயோமிடிஸ் கொடுத்தது வெண்கலக் கவசம், ஒன்பது மாடு பெறும். விலையைச் சொல்வது ஹோமர்தான். சொல்லிவிட்டு, தெய்வங்களின் அரசன் சீயஸ் கிளாக்கஸின் புத்தியைப் பறித்துக்கொண்டான் என்று ஒரு வரியும் சேர்க்கிறார். அவ்வளவு உருக்கமான காட்சிக்கு அடியில் கவிஞரே பில் போட்டு ஒட்டியிருக்கிறார்! உரைகாரர்கள் காலங்காலமாக இந்த வரியோடு மல்லுக்கட்டுகிறார்கள். எனக்கென்னவோ ஹோமர் கேலி செய்கிறார் என்றே படுகிறது.


தோல்மண்டி எழுதியது:

இந்தக் கதை பிடித்துவிட்டது அம்மா. இது நம் மொய் நோட்டுதான். தாத்தா எழுதிய மொய்யைப் பேரன் பார்த்து, அந்த வீட்டுக் கல்யாணத்துக்குத் திருப்பி எழுதுவது. ஆனால் மொய்யில் ஒரு விதி உண்டு. வாங்கியதைவிட ஒரு ரூபாயாவது கூட்டி எழுத வேண்டும், குறைத்தால் உறவு முறியும். டயோமிடிஸ் தொண்ணூற்றொரு மாட்டைக் குறைத்து எழுதியிருக்கிறான், உறவும் முறியவில்லை. அப்படியென்றால் போர்க்களத்தில் யார் கை ஓங்கியிருந்தது என்பதைத்தான் அந்த விலை காட்டுகிறது. உயிர் தப்புவதற்குக் கொடுத்த தொகையை நட்பு என்ற தலைப்பில் செலவெழுதியிருக்கிறார்கள். அன்று டயோமிடிஸ் நல்ல வெறியோடு வெட்டிக்கொண்டு வந்தவன்தானே?


வாலாஜா வாசகி எழுதியது:

ஆமாம். அதற்கு முந்தைய பகுதி முழுக்க அவன் வெட்டாட்டம்தான், தெய்வங்களையே காயப்படுத்துகிறான். உங்கள் வாசிப்பு உரைகாரர்களுடையதைவிட நேராக இருக்கிறது.


இரவுப்பணி எழுதியது:

வேலூரில் செவிலியாக இருக்கிறேன். எங்களுக்குக் கிரேக்கப் புராணம் நோயாளியின் உடம்பிலேயே எழுதியிருக்கிறது. கெண்டைக்காலையும் குதிகாலையும் இணைக்கும் தசைநாண் அக்கிலீஸ். கழுத்தெலும்புகளில் முதலாவது அட்லஸ். அவன் வானத்தைச் சுமந்தான், இது மண்டையைச் சுமக்கிறது. கல்லீரல் கெட்டுத் தொப்புளைச் சுற்றி நரம்புகள் புடைத்துக்கொண்டால் மெடூசாவின் தலை என்று கேஸ் ஷீட்டில் எழுதுவார்கள். அந்தப் பெயரை நோயாளிகளுக்கு நாங்கள் சொல்வதில்லை. பாம்புத்தலை ராட்சசி என்று கேட்டால் மனிதர் அங்கேயே ஒடுங்கிவிடுவார்.

ஹைஜீன் என்ற சொல் ஹைஜியா தேவியிடமிருந்து வந்தது. மருத்துவக் கடவுள் அஸ்கிளிப்பியஸின் மகள். இன்னொரு மகள் பனேசியா. இந்தக் குடும்பத்திலும் பணம் புகுந்திருக்கிறது. இறந்தவனை உயிர்ப்பித்ததற்காக அஸ்கிளிப்பியஸைச் சீயஸ் இடியால் கொன்றான் என்பது எல்லோரும் சொல்லும் கதை. தங்கம் வாங்கிக்கொண்டு உயிர்ப்பித்தான் என்கிறார் கவிஞர் பிண்டார். மருத்துவர்கள் எடுத்த பழைய ஹிப்போகிரட்டீஸ் உறுதிமொழி இந்தத் தெய்வங்களின் பெயரால்தான் தொடங்கும். அதில், எனக்குக் கற்றுக்கொடுத்தவருக்குப் பணமுடை வந்தால் என்னுடையதில் பங்கு கொடுப்பேன் என்றும் ஒரு வாசகம் உண்டு. கற்றுக்கொடுத்தவரைப் பெற்றோராக வைத்து அடுத்த மூச்சில் பணத்தையும் எழுதிவிட்டார்கள். எனக்கு இந்த நேர்மை பிடிக்கும்.

காட்பாடி சார், பட்ரோக்ளஸ் சொல்லாகவில்லை என்றீர்கள். பெயர் ஆகவில்லை, அவன் பார்த்த வேலை ஆகியிருக்கிறது. ஹோமர் அவனை அக்கிலீஸின் 'தெராப்போன்' என்கிறார், உடனிருந்து பணி செய்பவன். தெரபி என்ற சொல் அதே வேரிலிருந்து வந்தது. பிசியோதெரபி அறைக்குப் போகும் ஒவ்வொருவரும் அவனுடைய பதவிப்பெயரைச் சொல்லிக்கொண்டுதான் போகிறார்கள்.


காட்பாடிச் சந்திப்பு எழுதியது:

நன்றி மேடம். ஆனால் இது என் கட்சிக்கே வலு சேர்க்கிறது. பட்ரோக்ளஸ் எப்படி அந்த வீட்டுக்கு வந்தான்? சிறுவயதில் தாயாட்டத்தில் மூண்ட சண்டையில் இன்னொரு சிறுவனைக் கொன்றுவிட்டு, ஊரைவிட்டு ஓடிவந்தவன். அக்கிலீஸின் தந்தை பீலியஸ் அடைக்கலம் கொடுத்து, மகனுக்குப் பணியாளாக அமர்த்தினார். நட்பு அதற்குப் பின் வளர்ந்தது. காவியம் முழுக்க அவர்களை நண்பர்கள் என்று நாம் படிக்கிறோம். மொழி எடுத்துக்கொண்டது வேலைக்காரன் என்ற சொல்லை.

இன்னொரு பொருத்தம் பாருங்கள். பட்ரோக்ளஸுக்குத் தாயம், கர்ணனுக்குச் சொக்கட்டான். துரியோதனன் மனைவி பானுமதியோடு ஆடும்போது அவள் மேகலை மணிகள் சிதற, துரியோதனன் வந்து 'எடுக்கவோ கோக்கவோ' என்று கேட்டது வில்லிபாரதத்தில் வருகிறது. சந்தேகப்பட வேண்டியவன் மணி பொறுக்கக் குனிகிறான். பணமும் பதவியும் கணக்கில் வராத ஒரே இடம் அந்தக் காட்சி. அதை வைத்துத் தமிழில் ஒரு மரபுத்தொடர் உருவாகியிருக்கலாமே? உருவாகவில்லை. பட்டிமன்றத்தில் மட்டும் உயிரோடு இருக்கிறது.


ஏலகிரிக் காற்று எழுதியது:

அந்தக் காட்சியில் அரசன் யார், அவன் மனைவி யார், யாருடைய மணிகள்? பொறுக்கிக் கொடுப்பதற்கும் பெருந்தன்மை காட்டுவதற்கும் அதிகாரம் இருக்கிறவனால்தான் முடியும். கர்ணன் வீட்டில் துரியோதனன் ஆடி, கர்ணன் வந்து அப்படிக் கேட்டிருந்தால் நாம் அதை விசுவாசம் என்று சொல்லியிருப்போம்.

ஆங்கிலத்திலிருந்து நானும் ஒன்று தருகிறேன். ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகன். அந்தோனியோ தன் நண்பன் பெண் கேட்டுப் போகும் செலவுக்காக 3,000 டுக்கட் கடனுக்குத் தன் சதையைப் பிணை வைக்கிறான். நண்பன் ஏற்கெனவே அவனுக்கு நிறையப் பாக்கி. நாடகம் முடிந்து நானூறு வருடமாகிறது. வட்டிக்காரன் ஷைலக்கின் பெயர் சொல்லாகிவிட்டது, அதுவும் யூதர்களை இழிவுபடுத்தும் வசையாக. அந்தோனியோ பெயரை யாரும் எதற்கும் பயன்படுத்துவதில்லை. இது காட்பாடி சாருக்கு நான் தரும் மொய். கூட்டித் திருப்பி எழுதவும்.


ஆரணிப் பட்டு எழுதியது:

கிரேக்கம் வரை போனவர்கள் பாலாற்றுக்கு அக்கரையைப் பார்க்கவில்லையே. தேசிங்கு ராஜன் கதையை மறந்துவிட்டீர்களா? செஞ்சிக் கோட்டையின் தேஜ்சிங், ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானுக்குக் கப்பம் கட்ட மறுத்தார், 1714இல் போர். கதைப்பாடலில் அவருடைய நண்பன் மகபத்கான் கல்யாணப் பந்தலில் மாப்பிள்ளையாக இருக்கிறான். ஓலை வந்ததும் பந்தலை விட்டு எழுந்து குதிரை ஏறுகிறான். களத்தில் அவன் விழுகிறான், பிறகு தேசிங்கும் விழுகிறான். இந்து ராஜாவும் முஸ்லிம் நண்பனும் ஒரே பக்கம் நின்று நவாபை எதிர்த்த கதையை நம் வட்டாரத்தில் இரு தரப்பும் பாடிக் கேட்டிருக்கிறோம்.

நிலைத்த பெயர் எது? தேசிங்கின் மனைவி உடன்கட்டை ஏறியதன் நினைவாக நவாப் வைத்த பெயர்தான் இராணிப்பேட்டை என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 2019இல் அது மாவட்டத்தின் பெயராகவும் ஆகிவிட்டது. ராணிக்கு ஊர் கிடைத்தது. தேசிங்குக்குக் கதைப்பாடலின் தலைப்பு. கல்யாணத்தை விட்டுவிட்டு வந்தவனுக்கு? வென்றவன் வைக்கிற பெயர்தான் வரைபடத்தில் ஏறும் என்பதையும் உங்கள் கட்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.


திருவலம் பாலம் எழுதியது:

ஆரணி சொன்னது சரி. கப்ப பாக்கி என்கிற பணத்தகராறில் தொடங்கியதைப் பாட்டுக்காரன் நட்புக் கதையாக்கிவிட்டான். அதுவும் ஒரு பக்கம். காட்பாடி சார் சொல்வது அகராதியின் கணக்கு. பாடுகிறவனின் கணக்கு வேறு. அவன் பணத்தைத் தள்ளிவிட்டு நண்பனை வைத்துக்கொள்கிறான். துரியோதனன் வீழும் படுகளத்தன்று எங்கள் ஊரில் துரியோதனனை மண்ணால் நீட்டிப் படுக்க வைப்பார்கள். தொடை பிளந்து, பாஞ்சாலி கூந்தல் முடிந்ததும், அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துப் போய் நெல் கொட்டும் இடத்தில் போடுகிறவர்கள் உண்டு. கெட்டவன் என்று ஊரே சொல்லும் ஒருவனின் மண். கேட்டால், கொடுத்த கை என்பார்கள்.


தோல்மண்டி எழுதியது:

பாருங்கள் ஐயா, அங்கேயும் கொடுத்த கைதான்!

துரோணர் கதையை யாரும் எடுக்கவில்லை. என் கண்ணில் பணமும் நட்பும் மோதும் கதைகளில் இதற்கு மேல் இல்லை. ஒரே குருகுலத்தில் படித்த துருபதன் அரசனாகிறான். பிள்ளைக்குப் பால் வாங்க வழியில்லாத துரோணர், நண்பா என்று போய் நிற்கிறார். அரசனுக்கும் ஏழைக்கும் நட்பு ஏது, சமமானவர்களுக்குள்தான் நட்பு என்று துருபதன் சொல்லிவிடுகிறான். துரோணர் மறக்கவில்லை. மாணவர்களை வைத்துத் துருபதனைக் கட்டி இழுத்துவரச் செய்து, அவன் நாட்டில் பாதியைத் தான் எடுத்துக்கொண்டு மீதியை அவனிடமே கொடுக்கிறார். இப்போது நீயும் அரசன், நானும் அரசன், இனி நண்பர்களாக இருக்கலாம் என்கிறார். துருபதன் சொன்ன விதியை அப்படியே ஏற்றுக்கொண்டு, அதன்படியே செய்து காட்டியிருக்கிறார். விளைவு? துருபதனுக்கு மகனாகத் திருஷ்டத்யும்னன் பிறந்தான், அவன் கையால் துரோணர் தலை போயிற்று.

கைமாற்று கேட்டுப் போய் அவமானப்பட்டவர்களுக்கு இந்தக் கதை புரியும். எனக்கும் ஒரு நண்பன் இருந்தான். பத்திரமில்லாமல் கொடுத்தேன், தவணை தவறியது. என்னைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் நடக்க ஆரம்பித்தான். பணம் கொஞ்சம்தான். அந்தப் பக்கம் நடந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.


வாலாஜா வாசகி எழுதியது:

துருபதன் சொன்னதையே அரிஸ்டாட்டிலும் பக்குவமாகச் சொல்கிறார். நிக்கோமாக்கிய அறவியலின் 8ஆம் நூலில், நண்பர்களிடையே இடைவெளி மிகப் பெரிதாகிவிட்டால் நட்பு நிற்காது, கடவுளோடு மனிதன் நட்புக்கொள்ள முடியாது என்கிறார்.

ஆசைகாட்டித் தவிக்கவிடுவது என்று பொருள்படும் டான்டலைஸ் என்ற சொல்லுக்குப் பின்னால் இதுதான் இருக்கிறது. தான்டலஸ் என்றதும் தண்ணீரில் நின்றும் குடிக்க முடியாமல், தலைக்கு மேல் பழம் தொங்கியும் எட்டாமல் தவிப்பவன் என்றுதான் சொல்லிக்கொடுக்கிறோம். பாதாளத்தில் அந்தத் தண்டனைக்கு ஏன் போனான்? அவன் தெய்வங்களின் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட மனிதன். சொந்த மகனையே அறுத்துச் சமைத்துத் தெய்வங்களுக்குப் பரிமாறினான் என்பது ஒரு கதை. பிண்டார் அதை மறுத்துவிட்டு இன்னொன்று சொல்கிறார்: பந்தியிலிருந்து அமுதத்தைத் திருடிக் கீழே இருந்த தன் குடி நண்பர்களுக்குக் கொடுத்தானாம். மேல்வீட்டு நட்பைக் கீழ்வீட்டு நண்பர்களோடு பங்கிட்டுக்கொண்ட குற்றம்! எனக்கு இரண்டாவது கதையே பிடித்திருக்கிறது. காட்பாடி சார், உங்கள் மாணவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

கூடுதலாக ஒன்று. 1802இல் கண்டுபிடித்த ஒரு உலோகத்துக்கு டான்டலம் என்று பெயர் வைத்தார்கள். அமிலத்தில் மூழ்கிக் கிடந்தும் அதை உறிஞ்சாமல் இருந்ததால். கைப்பேசி மின்தேக்கிகளில் அது இருக்கிறது. அதோடு கலந்தே கிடைக்கும் இன்னொரு உலோகத்துக்கு (நியோபியம்) தான்டலஸின் மகள் நியோபியின் பெயர். தகப்பனும் மகளும் தனிம அட்டவணையில் ஏறிவிட்டார்கள். அமுதம் குடித்த நண்பர்களைப் பற்றித் தகவல் இல்லை.


நெறியாளர்:

கூத்துக்குழுவின் கட்டணம், எந்தக் குழு சிறந்தது என்ற பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். புளூட்டோ கிரகம் பற்றிய சண்டையையும் அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்.


இரவுப்பணி எழுதியது:

கிரகச் சண்டை வேண்டாம், சொல்லை மட்டும் தெளிவாக்கிவிடுகிறேன். புளூட்டோகிரசி, செல்வர் ஆட்சி, பாதாள அரசன் புளூட்டோவின் பெயரால் வந்ததாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது புளூட்டஸ் வழி வந்த சொல், செல்வத்தின் கடவுள். இருவர் பெயருக்கும் வேர் ஒன்று என்பதால் குழப்பம். கி.மு. 388இல் அரிஸ்டோஃபனிஸ் இவனை வைத்தே ஒரு நகைச்சுவை நாடகம் போட்டார். சீயஸ் இவன் கண்ணைக் குருடாக்கிவிட்டான், நல்லவர் கெட்டவர் பாராமல் செல்வம் போய்ச் சேரட்டும் என்று. ஏழைக் கிழவர் ஒருவர் இவனை அஸ்கிளிப்பியஸ் கோயிலில் இரவு படுக்க வைத்துப் பார்வை வரவழைக்கிறார். குணமாகிவிட்டது என்ற செய்தி பரவியதும், அதுவரை எட்டிப்பார்க்காதவர்கள் எல்லாம் அந்தக் கிழவர் வீட்டை மொய்க்கிறார்கள். வார்டில் இதை நான் தலைகீழாகப் பார்க்கிறேன். பார்வையாளர் நேரத்தில் யார் கட்டிலைச் சுற்றிக் கூட்டம், யார் கட்டிலருகே பிளாஸ்க் மட்டும் என்று.


ஏலகிரிக் காற்று எழுதியது:

எல்லோரும் ஒரே பக்கம் போவதால் மாற்றிப் பேசுகிறேன். குகன். கம்பன் அவனை ஆயிரம் அம்பிக்கு நாயகன் என்கிறான், அதாவது ஏழை இல்லை. தேனும் மீனும் கொண்டுவருகிறான். இராமனுக்கு அப்போது கொடுக்க ஒன்றும் இல்லை, நாடே போய்விட்டது. பின்னால் குகன், சுக்ரீவன், விபீடணன் மூவரையும் தம்பிகளாக எண்ணுகிறான். மற்ற இருவருக்கும் ஒரு நாடு கிடைத்தது. குகன் எதுவும் வாங்கவில்லை. விபீடணன் பெயர் தமிழில் காட்டிக்கொடுத்தவன் என்ற வசையாகிவிட்டது. குகன் பெயரைப் படகோட்டிகளுக்கு அன்போடு வைத்துப் பேசுகிறோம். ஒரு நண்பன் பெயராவது மிஞ்சியிருக்கிறதே.


காட்பாடிச் சந்திப்பு எழுதியது:

படகோட்டி என்றுதானே மிஞ்சியிருக்கிறது? அதுவும் தொழில்பெயர். மென்டருக்கு வழிகாட்டி வேலை, குகனுக்குத் துடுப்பு.

மென்டர் சொல்லானதில் அதிகாரத்தின் கை இருந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஹோமரிடம் அவன் சிறிய பாத்திரம். பிரான்சில் பதினான்காம் லூயியின் பேரனுக்கு ஆசிரியராக இருந்த ஃபெனலோன் என்ற பாதிரியார் டெலிமக்கஸை நாயகனாக வைத்து எழுதிய நூல் 1699இல் வெளிவந்தது. அதில் மென்டர்தான் பக்கத்துக்குப் பக்கம் உபதேசம் செய்கிறான்: ஆடம்பரம் கூடாது, போர்வெறி கூடாது என்று. தன்னைத்தான் குத்துகிறார்கள் என்று அரசவை எடுத்துக்கொண்டது. ஃபெனலோன் அதற்கு முன்பே தலைநகரிலிருந்து தன் மறைமாவட்டத்துக்கு அனுப்பப்பட்டிருந்தார். திரும்ப வரவே முடியவில்லை. அந்த நூல் ஐரோப்பாவெங்கும் பரவிய பிறகுதான் ஆங்கிலத்தில் மென்டர் பொதுச்சொல்லானது. வள்ளுவர் 691ஆம் குறளில் அரசரைச் சேர்ந்திருப்பவர் தீக்காய்வதுபோல் அகலாமலும் அணுகாமலும் இருக்கச் சொன்னார். பாதிரியார் அணுகிவிட்டார்.


வாலாஜா வாசகி எழுதியது:

வள்ளுவரைத் தொட்டால் 813ஐயும் தொட வேண்டும். கிடைக்கும் பயனை எடைபோடும் நட்பையும், விலைக்கு வருபவரையும், கள்வரையும் ஒரே தட்டில் வைக்கிறார். அந்தத் தராசில் நிறுத்தால் இந்த இழையில் வந்தவர்களில் எத்தனை பேர் தேறுவார்கள்? கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் மட்டும்தான் எனக்குத் தெரிந்து. நேரில் பார்த்ததே இல்லை. பிள்ளைகளோடு ஆட்சித் தகராறு ஏற்பட்டுச் சோழன் வடக்கிருக்கிறான், அதாவது உண்ணாமல் இருந்து உயிர்விட உட்காருகிறான். செல்வம் இருந்த காலத்தில் வராவிட்டாலும் துன்பம் வந்த காலத்தில் வராமல் இருக்கமாட்டான் என்று புறநானூறு 215இல் சொல்கிறான். பாண்டிய நாட்டிலிருந்து அவர் வருகிறார்.


திருவலம் பாலம் எழுதியது:

அம்மா, அங்கே பொத்தியார் என்று இன்னொரு புலவர் இருக்கிறார், அவரை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அவரும் சோழனோடு வடக்கிருக்க வந்தவர். உன் மனைவி கருவுற்றிருக்கிறாள், மகன் பிறந்த பிறகு வா என்று சோழன் திருப்பி அனுப்பிவிட்டான். பிள்ளை பிறந்து அவர் வந்தபோது அங்கே இருந்தது நடுகல். என் இடம் எது என்று கல்லைப் பார்த்துக் கேட்கிறார், 222ஆம் பாட்டு. அரசைத் துறந்தவன், உணவைத் துறந்தவன், நண்பனுக்கு உத்தரவு போடுவதை மட்டும் துறக்கவில்லை. அது அன்பான உத்தரவு, ஒப்புக்கொள்கிறேன். பொத்தியாருக்கு மறுக்கும் உரிமை இருந்ததா?


தோல்மண்டி எழுதியது:

நட்பைப் பற்றி இத்தனை பேசியாகிவிட்டது, பிசிராந்தையாரின் இன்னொரு பாட்டை எடுத்துப் பாருங்கள். 184. கணக்கெழுதுபவர்கள் எல்லோரும் மனப்பாடம் செய்ய வேண்டியது. காய்ந்த நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் ஒரு மா என்ற பழைய நில அளவுக்கும் குறைந்த நிலம் யானைக்குப் பல நாள் வரும். நூறு வயலானாலும் யானை தானே புகுந்தால் வாய்க்குள் போவதைவிடக் காலடியில் அழிவது அதிகம், வரி வாங்கும் அரசனும் அப்படித்தான் என்கிறார். இதைச் சொன்னது சோழனுக்கு அல்ல. தன் சொந்த நாட்டரசன் பாண்டியன் அறிவுடை நம்பியிடம்.

தனக்கு வரி போடும் அரசனிடம் வரியைப் பற்றிப் பேசியிருக்கிறார். நட்பு வைத்துக்கொண்டது தனக்கு வரி போட முடியாத அரசனோடு. இது தற்செயலாக நடந்தது என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். ஏலகிரித் தம்பி, இதற்கு மறுப்பு இருந்தால் நாளை எழுதவும். எனக்கு மாதக் கணக்கு முடிக்க வேண்டும்.